பன்னிரண்டு கழற்றினார், பதின்மூன்று மாட்டினார்

2024 ஜூலை 14, ஞாயிற்றுக்கிழமை, காலை ஒன்பது மணி பத்து நிமிடம். முந்தின இரவு பெய்த மழை நின்றிருந்தது. வெயில் வரவில்லை, புழுக்கம் மட்டும் வந்துவிட்டது. ஆவடி ஸ்டேஷன் பக்கத்து பேக்கரியில் நாங்கள் பதினோரு பேர். நாற்காலி ஒன்பது. அதில் ஒன்றுக்குக் கால் ஆட்டம். அந்த நாற்காலி எப்போதும் எனக்கே வாய்க்கும்.

நாங்கள் ஒரு விண்கலக் கதைத் தொடரின் வாசகர்கள். ஒரு காலத்தில் மாதம் ஒன்றாக, ரயில் நிலையப் புத்தகக் கடைகளில் தொங்கிய மெல்லிய நாவல்கள். மொத்தம் ஐம்பத்தெட்டு. முதல் முப்பத்தாறை எழுதியவர் பெரியவர். அவரை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். பதிப்பாளரோடு மனஸ்தாபம் வந்து அவர் விலகியதும், வேறொருவர் தொடர்ந்து இருபத்திரண்டு எழுதினார். பிறகு அவரும் டிவி சீரியலுக்கு வசனம் எழுதப் போய்விட்டார். கலம் நடுவானில் நின்றது. மாதத்தில் இரண்டாம் ஞாயிறு கூடி, அது ஏன் நின்றது, எந்தப் பக்கம் போயிருக்க வேண்டும் என்று பேசுவதுதான் எங்கள் வேலை. போண்டா தனி.

அன்று பேச நிஜமாகவே விஷயம் இருந்தது. எங்கள் வாட்ஸ்அப் குழுவை நடத்துகிறவர் அம்பத்தூரில் இயற்பியல் சொல்லித்தரும் ஒரு டீச்சர். அவர் போனை எடுத்து, பதிப்பகம் வெளியிட்டிருந்த அறிவிப்பைச் சத்தமாகப் படித்தார். பெரியவர் திரும்பி வருகிறார். எழுபத்தொன்பதாவது வயதில் ஐம்பத்தொன்பதாவது புத்தகம்.

உடனே இரண்டு கட்சி.

"அவர் வந்தாதான் அது கதை. மத்ததெல்லாம் ஸ்பேர் பார்ட்ஸ்" என்றார் வங்கியில் இருந்து ஓய்வு பெற்ற ஒருவர்.

"எழுபத்தொம்பது வயசுல ராக்கெட் வுடப் போறாரா? எங்க நைனா அந்த வயசுல மாடிப்படி ஏறல" என்றது பின்னால் இருந்து ஒரு குரல்.

நான் பெரியவர் கட்சி. மண்ணூர்பேட்டைப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் முப்பத்து நான்கு வருடம் தரப் பரிசோதனையில் இருந்தவன் நான். வருகிற பொருளை எண்ணி, அளந்து, குறை இருந்தால் சிவப்புச் சீட்டு கட்டி ஒதுக்குவது வேலை. ஓய்வு பெற்ற பிறகு சிவப்புச் சீட்டு கட்ட ஒன்றும் கிடைக்கவில்லை, புத்தகங்கள்தான் கிடைத்தன.

எதிர்க்கட்சியின் தலைவர் ஃபிட்டர். ஆவடியில் டாங்கி செய்யும் ஆலையில் வேலை செய்தவர், சேக்காட்டில் சொந்த வீடு. என்னைவிட இரண்டு வயது இளையவர். ஞாயிறு காலை சர்ச்சில் முதல் பூசை முடிந்து நேராக பேக்கரிக்கு வருவார், வெள்ளைச் சட்டையில் மடிப்பு கலையாமல்.

"இன்னா அண்ணாத்தே, உங்காளு கதையில பாதிப் பேரு ஜன்னலாண்ட நின்னுகினு பூமியப் பாத்து பெருமூச்சு வுடுவான். ஒருத்தன்னா ஸ்பேனரத் தொட்டானா? கப்பல் அதுவா ஓடுது, கோயில் தேராட்டம்."

"தேர் தானா ஓடாது ஃபிட்டரே, இழுக்கணும்" என்றேன்.

"அதத்தான் சொல்றேன். இழுக்க ஆளு எங்க?"

ஃபிட்டர் இரண்டாமவர் கட்சியில் இருந்ததற்குக் காரணம் உண்டு. அந்த இரண்டாமவர் எழுதிய முதல் புத்தகத்தில், அதாவது முப்பத்தேழில், கலத்தின் கதவு வெளிப்பக்கமாகத் திறந்தது. ஃபிட்டர் அன்றைக்கே ஒரு தபால் கார்டு போட்டார்: உள்ளே காற்று நெருக்கும்போது வெளியே திறக்கிற கதவு நிற்காது, உள்பக்கம் திறக்கிற கதவாக வையுங்கள், காற்றே தாழ்ப்பாளாக இருக்கும். பதில் வரவில்லை. ஆனால் நாற்பதாவது புத்தகத்தில், சந்திரனில் இருக்கும் பணிமனையிலிருந்து ஒரு புது ஆள் கலத்தில் ஏறினார். ஊர் ஆவடி. தொழில் ஃபிட்டர். கதவைப் பிரித்து உள்பக்கமாக மாட்டி, உள்ளே இருந்த அத்தனை பேரையும் காப்பாற்றினார். அதற்கப்புறம் ஆறு புத்தகங்களில் வந்தார்.

அந்த ஏழு புத்தகங்களும் ஃபிட்டர் வீட்டு பீரோவில், புடவைகளுக்கு மேல் தட்டில் இருக்கின்றன. மகளைப் பெண் பார்க்க வந்தவர்களுக்குக் காபிக்கு முன்னால் அவற்றைக் காட்டியிருக்கிறார். கிறிஸ்துமஸ் கேக்கோடு ஒருமுறை பங்குத் தந்தைக்கும் காட்டினார். "நான் கீறேன் பாருங்க ஃபாதர்" என்று பக்கத்தைத் திறந்து நீட்டினாராம்.

டீச்சர் அறிவிப்பின் இரண்டாம் பாதியைப் படித்தார். பெரியவரின் சொந்த வார்த்தைகள். கதை முப்பத்தாறாவது புத்தகத்திலிருந்து தொடரும். இடையில் வந்த இருபத்திரண்டும் நடக்காதவை. ஆவடிப் பக்கத்து வாசகர் ஒருவர் அவற்றில் நூற்றுப்பதினான்கு பிழைகளை எண்ணி அனுப்பியிருந்தார். அந்தப் பட்டியலைப் பார்த்த பிறகு அவற்றைச் சேர்த்துக்கொள்ள மனம் ஒப்பவில்லை.

பத்துத் தலைகள் என் பக்கம் திரும்பின. யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. ஆவடிப் பக்கத்தில் எண்ணுகிற ஆள் வேறு யார்?

அந்தப் பட்டியலை ஏழு வருடத்துக்கு முன் நான்தான் பெரியவருக்கு அனுப்பினேன். பாராட்டிப் பதில் வரும் என்று ஐந்து மாதம் தபால்காரரை வழிமறித்திருக்கிறேன். பிறகு மறந்துவிட்டேன். அது ஒருவரைக் கலத்திலிருந்து இறக்கிவிடும் என்று நான் நினைக்கவில்லை. நினைத்திருக்க வேண்டும், சிவப்புச் சீட்டு கட்டின சரக்கு எங்கே போகும் என்று எனக்குத் தெரியாதா?

ஃபிட்டர் கோபப்படவில்லை. டீ கிளாஸை மேஜையில் வைத்தார்.

"அப்போ நான் இல்லாமப் பூட்டேன்" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "நூத்திப்பதினாலுல நான் கீறனா?" என்று கேட்டார்.

பொய் சொல்லியிருக்கலாம். எனக்கு எண்கள் விஷயத்தில் வராது. "எழுபத்தொண்ணாவது பிழை" என்றேன். "நாற்பதாவது புத்தகம். கதவுல நீங்க பன்னிரண்டு போல்ட் கழட்டுறீங்க. மாட்டும்போது பதின்மூணு மாட்டுறீங்க. கணக்கு இடிக்குது."

அவர் நாற்காலியை என் பக்கம் திருப்பினார்.

"எத்தினி வருசம் அண்ணாத்தே இன்ஸ்பெக்சன்ல இருந்தே?"

"முப்பத்து நாலு."

"கதவு எதுக்கு லீக் ஆச்சுன்னு அந்த பொஸ்தகத்துல போட்டுக்கீதா?"

"ஏதோ இடுக்கு வழியா காத்து போச்சுன்னு போட்டிருக்கு."

"பன்னண்டு கழட்னான், பதிமூணு மாட்னான்னா இன்னா அர்த்தம்? ஒரு போல்ட்டு மொதல்லயே இல்லன்னு அர்த்தம். ஓட்ட காலியா இருந்துச்சு. அந்த வழியாதான் காத்து போச்சு. ஃபிட்டரு பாக்கெட்ல ஒன்னு வெச்சிகினு இருந்தான், போட்டான். ரிப்பேரே அதான். நீ ரிப்பேரப் போய் தப்புன்னு எழுதிக்கிறே."

யாரோ சிரித்தார்கள். டீச்சர் சிரிக்காமல் இருக்கப் பார்த்து, முடியாமல், போண்டாத் தட்டை என் பக்கம் நகர்த்தினார். ஃபிட்டர் எழுந்து, தன் டீக்குத் தானே காசு கொடுத்துவிட்டுப் போய்விட்டார். முதல் கூட்டத்திலிருந்து எங்கள் வழக்கம், ஒரு மாதம் அவர் காசு கொடுப்பார், ஒரு மாதம் நான். அன்று என் முறை.

அதன் பிறகு மூன்று வாரம் அவர் போன் எடுக்கவில்லை. தினமும் இரண்டு முறை அடித்தேன், நாற்பத்திரண்டு அழைப்பு. நூற்றுப்பதினான்கு என்பது நூற்றுப்பதின்மூன்று ஆனதே என்று ஒரு பக்கம் தூக்கம் கெட்டது. இரத்த அழுத்தம் பார்க்கும் மெஷினை வாரத்துக்கு ஒருமுறை கட்டுகிறவன் தினமும் கட்டினேன். மெஷினைச் சந்தேகித்து என் மனைவிக்கும் கட்டிப் பார்த்தேன். அவளுக்கு நன்றாக இருந்தது. "உங்களுக்குத்தான் யாரோடயோ சண்டை" என்றாள்.

ஆகஸ்ட் 4, ஞாயிறு, மாலை நான்கு மணிக்கு அம்பத்தூரில் ஒரு சின்னத் திருமண மண்டபத்தின் சாப்பாட்டு ஹாலில் பெரியவர் வாசகர்களைச் சந்திப்பதாக ஏற்பாடு. முந்தின நாள் நான் சேக்காட்டுக்கு நேரில் போனேன். ஃபிட்டர் வாசலில் சைக்கிளைக் கவிழ்த்துப்போட்டுச் செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார்.

"நாளைக்கு எழுபத்தொண்ண வாபஸ் வாங்கப் போறேன். எல்லார் முன்னாடியும். நீங்க வரணும்" என்றேன்.

"ஒன்ன வாங்கி இன்னா பண்றது? மிச்சம் நூத்திப்பதிமூணு கீதே."

"நீங்க வாங்க."

அவர் பெடலைச் சுற்றினார். மறுநாள் இரண்டே முக்காலுக்கு ஸ்டேஷனில் நின்றார். அண்ணனூர், திருமுல்லைவாயல் இரண்டு நிறுத்தமும் பேசவில்லை. அம்பத்தூரில் இறங்கும்போது, "குட எடுத்தாந்தியா?" என்று மட்டும் கேட்டார். எடுத்து வந்திருந்தேன், இரண்டு.

ஹாலில் தொண்ணூற்றாறு பேர். பெரியவர் நான் நினைத்ததைவிடக் குள்ளம். முன்வரிசையில் ஒருவர், இடைப்பட்ட புத்தகங்களை ஒதுக்குவது நியாயமா என்று கேட்டார். "தப்பும் தவறுமான சரக்கைத் தலையில் தூக்கிக்கொண்டு நான் எப்படி நடக்க முடியும்?" என்றார் பெரியவர். கைதட்டல். மூன்று வாரத்துக்கு முன்பென்றால் நானும் தட்டியிருப்பேன்.

நான் எழுந்தேன். அந்தப் பட்டியலை அனுப்பியவன் நான்தான் என்றேன். பெரியவர் முகம் மலர்ந்து மேடையிலிருந்தே கும்பிட்டார். எழுபத்தொன்று பிழை அல்ல, பிழை என்னுடையது என்று போல்ட் விஷயத்தைச் சொன்னேன்.

"சரி, ஒன்று போகட்டும். நூற்றுப்பதின்மூன்று போதாதா?" என்றார் சிரித்தபடி.

அப்போதுதான் பையிலிருந்து இன்னொரு பட்டியலை எடுத்தேன். ஒன்பது பக்கம். ஜெராக்ஸ் எடுத்து வைத்திருந்தேன். யாரிடமும், ஃபிட்டரிடம்கூட, காட்டாதது. பெரியவரின் முப்பத்தாறு புத்தகங்களிலும் நான் எண்ணியவை. மொத்தம் நூற்று முப்பத்தொன்று.

கண்ணாடியை மாட்டிக்கொண்டேன். "ஐயா, உங்க எழுத்து எனக்கு உசுரு. ஆனா தப்பு இருந்தா கதை நடக்கவே இல்லைன்னா, இதையும் பார்த்துடணும்" என்று படிக்க ஆரம்பித்தேன். முதல் புத்தகம், பக்கம் பதினான்கு: கலத் தலைவரின் கண்ணாடி இடக்கையிலிருந்து எடுக்காமலே வலக்கைக்கு வந்துவிட்டது. இரண்டாம் புத்தகம்: செவ்வாய்க்கிழமைக்கு அடுத்த நாள் வியாழன். ஹாலில் நாற்காலிகள் கிரீச்சிட்டன. பெரியவர் சிரிப்பை நிறுத்தியிருந்தார். நான்காம் புத்தகம், பக்கம் இருபத்திரண்டு: கலத்தில் இருப்பது ஆறு பேர், சாப்பாட்டு மேஜையில் ஏழு தட்டு.

"ஏழாவது தட்டு யாருக்கு ஐயா?" என்றேன்.

முப்பது வருடத்துக்கு மேல் ஆன ஒரு தட்டை யார் ஞாபகம் வைத்திருப்பார்கள்? பெரியவர் தண்ணீர் பாட்டிலைத் திறந்தார், குடிக்காமல் மூடினார். எனக்கே பாவமாக இருந்தது. உட்கார்ந்துவிடலாமா என்று நினைத்தேன்.

பின்வரிசையிலிருந்து ஃபிட்டர் எழுந்தார்.

"அது தப்பு இல்ல சார். ஏழாவது தட்டு ஃபிட்டருது."

எல்லோரும் திரும்பினார்கள்.

"ஃபிட்டரு எப்பவும் கீழ மிஷின் ரூம்லதான் இருப்பான். மேல ஜன்னலாண்ட நிக்கறவங்க கண்ல அவன் படமாட்டான். எங்க ஃபேக்டரிலயும் அப்டித்தான், ஆபீசருங்க எண்ணும்போது நாங்க மிஷினுக்கு அடியில இருப்போம். ஆனா சோறு வேணுமில்ல? தட்டு வெச்சுதான ஆவணும். நீங்க கரீக்டாதான் எழுதிக்கிறீங்க. இந்த அண்ணாத்தே இதையும் தப்பா எண்ணிட்டாரு."

ஹால் சிரித்து அடங்க நேரம் பிடித்தது. பெரியவரும் சிரித்தார், ஆனால் அவர் வேறு எதையோ யோசித்துக்கொண்டு சிரித்தார். சட்டைப் பையிலிருந்து பேனா எடுத்து உள்ளங்கையில் ஏதோ குறித்துக்கொண்டார். நான் நூற்று முப்பது என்று திருத்திவிட்டு உட்கார்ந்தேன்.

திரும்பும்போது ஆவடி வண்டி பதினெட்டு நிமிடம் தாமதம். பிளாட்பாரத்தில் டீ வாங்கினேன். ஃபிட்டர் மறுக்காமல் குடித்தார்.

"நூத்தி முப்பத்தொன்னு எண்ணி வெச்சிகினு, எங்கிட்ட அவரு தங்கம், அவரு வைரம்னு சொல்லிகினு இருந்தியே, நல்லா இருப்பியா நீ" என்றார்.

"எண்ணினா பிடிக்கலைன்னு அர்த்தமா?"

"பொண்டாட்டியையும் எண்ணுவியா?"

கேட்டுவிட்டு அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தோள் குலுங்குவது தெரிந்தது.

ஐம்பத்தொன்பதாவது புத்தகம் டிசம்பரில் வந்தது. நடுவில் வந்த இருபத்திரண்டும் நடக்காதவைதான். பெரியவர் அதில் இறங்கி வரவில்லை. ஆனால் மூன்றாம் அத்தியாயத்தில் கலம் குலுங்கி நின்றதும், கீழே இயந்திர அறையிலிருந்து ஏணி வழியாக ஒருவர் மேலே வருகிறார். முதல் புத்தகத்திலிருந்தே கீழே இருந்தவர். இதுவரை யாரும் அவரை எண்ணியதில்லை. கையிலிருந்த எண்ணெயைத் துணியில் துடைத்துக்கொண்டே, "மேல இன்னா சத்தம்?" என்று கேட்கிறார். ஊர் ஆவடி.

ஃபிட்டரைக் கூட்டிக்கொண்டு போய் அந்தப் பக்கத்தைக் கடையிலேயே காட்டினேன். நின்றபடி இரண்டு முறை படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மூன்றாவது முறையும் படித்தார். ஏழு புத்தகத்தில் மட்டும் இருந்தவர், இப்போது பெரியவரின் முப்பத்தேழிலும் இருக்கிறவர் ஆகிவிட்டார். அதைச் சொன்னேன். "இரு, இதுல எத்தினி தப்பு?" என்றார்.

"ஒன்பது."

"யாருக்குன்னா அனுப்புனே, கைய ஒட்ச்சிடுவேன்."

பிறகு விரல் விட்டு எண்ண ஆரம்பித்தார்: மகள் வீட்டுக்கு, மகன் வீட்டுக்கு, இரண்டு சம்பந்திக்கு, தம்பிமார் மூன்று பேருக்கு, ஃபாதருக்கு, ஆலையின் பழைய ஷாப் ஆட்கள் ஐந்து பேருக்கு, பீரோவுக்கு ஒன்று. பதினான்கு. "நீதான் என்ன எறக்கி வுட்ட, நீயே ஏத்திவுடு" என்று கடைக்காரரிடம் என்னைக் கை காட்டினார். பிரதி ஒன்று நூற்று முப்பது ரூபாய், தள்ளுபடி இல்லை. அதோடு ஜெராக்ஸ், இரண்டு பேருக்கு ரயில், ஹால் வாடகையில் என் பங்கு, பிளாட்பாரத்து டீ எல்லாம் சேர்த்து எனக்கு ஆனது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தெட்டு ரூபாய்.