நுளம்பு என்றால் எது?

கண்ணாடிக் குழாயால் குப்பியிலிருந்து ஒரு சொட்டு நீரை உறிஞ்சித் தகட்டில் விட்டார் சண்முகரத்தினம். ஓரத்து ஈரத்தைக் கைக்குட்டை நுனியால் ஒற்றி எடுத்தார்.

யாழ்ப்பாணத்துக்காரர். சென்னையில் விஞ்ஞானம் படித்தவர். கோலாலம்பூரில் ஓர் ஆங்கிலப் பள்ளியில் பத்தாண்டாக வேலை. ரப்பர்த் தோட்டப் பள்ளிகளிலும் விஞ்ஞானம் நுழையவேண்டும் என்று, சனிக்கிழமைதோறும் பிரிக்பீல்ட்ஸில் தமிழாசிரியர்களுக்கு வகுப்பு எடுத்தார். அந்தப் பெருமை அவருக்கு நிறையவே உண்டு. 1934இல் மலேரியாப் பாடம். ஆறு மாதமாக வாயால் சொன்னதுதான்: நுளம்பை ஒழித்தால் காய்ச்சல் ஒழியும். நீரில் நெளியும் அதன் புழுவைக் காட்டப் பூதக்கண்ணாடி அன்றைக்குத்தான் வந்தது.

மேரு தோட்டத்து ஆசிரியர் அய்யாவு முதலில் குனிந்து பார்த்தார்.

"இது கொசுப்புழுல்ல சார்? நுளம்பு எங்க?"

"ரெண்டும் ஒண்டுதானே!"

அய்யாவு நிமிரவில்லை. "எங்க ஊருல நுளம்புன்னா பழத்துல மொய்க்கிற பொடி ஈங்க சார். பிள்ளைங்கள விட்டு வாழத்தோலு, பலாத்தோலு எல்லாம் பொறுக்கிப் புதைச்சோம். பள்ளிக்கூடத்துப் பின்னால வாய்க்காத் தண்ணி அப்படியே தேங்கிக் கெடக்கு. ஒம்பது பிள்ளைங்க காய்ச்சல்ல."

"விளங்கேல்லையெண்டா கேட்டிருக்கலாமே!"

"கேட்டோமே" என்றார் பின்வரிசை புஷ்பவல்லி டீச்சர். "நுளம்புன்னா எது சார்னு கன்னையா வாத்தியாரு மொத வாரமே கேட்டாரு. 'இதுகூடத் தெரியாம எப்பிடி வாத்தியாரா வந்தனீர்'னீங்க. அப்புறம் யாரு வாயத் தெறப்பா?"

அவருடைய யாழ்ப்பாணப் பேச்சிலேயே டீச்சர் சொல்லிக்காட்டியதில் யாரோ சிரித்துவிட்டார்கள். சண்முகரத்தினத்தின் காது எரிந்தது. சிரிப்புக்காக இல்லை. கன்னையா கேட்டதும், தான் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டதும் நன்றாக நினைவிருந்தது. பதில் சொல்ல அரை நிமிடம் ஆகியிருக்கும்.

வீட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டு மனைவி குணேஸ்வரி சொன்னாள்: "இஞ்ச இருந்து நீங்கள் வெக்கப்பட்டா அந்தப் பிள்ளையளுக்குக் காய்ச்சல் விடுமோ?"

மறுநாள் காலை முதல் ரயிலில் கிள்ளானுக்குப் போய், அங்கிருந்து மாட்டுவண்டியில் அய்யாவுவின் தோட்டத்துத் தொழிலாளர் லயத்துக்குப் போனார். காய்ச்சல் கண்ட வீடுகளின் வாசலில் நின்று, "பிழை என்ர. அய்யாவு வாத்தியாரில ஒரு பிழையும் இல்லை" என்றார். நாலாவது வீட்டில் தனலெட்சுமி என்ற தாய், "அது கெடக்கட்டும் சார். இவ மருந்தத் துப்புறா, தலையக் கொஞ்சம் புடிங்க" என்றாள். பிடித்துக்கொண்டார். கசப்புக் கொயினா மருந்து உள்ளே இறங்கியதும் பிள்ளையின் வாயைத் துடைத்துவிட்டார். பிறகு சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு, அய்யாவுவிடம் மண்வெட்டியை வாங்கிக்கொண்டு வாய்க்காலில் இறங்கினார்.