தண்ணி மாத்திரையும் ஒரு ‘சரிங்க’வும்

இதயம் பலவீனமானவர்களுக்கு மாத்திரை எழுதுவது டாக்டர் வேலை. அது வாய்க்குள் போய்ச் சேர்ந்ததா என்று விசாரிப்பது என் வேலை. கோவையில் ஓர் இதய ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கிறேன். வீட்டுக்குப் போகும் நோயாளிகளுக்கு எந்த மாத்திரை எதற்கு என்று விளக்கிவிட்டு, பிறகு போனிலும் கேட்பேன். வீட்டில் மாத்திரை அட்டைகளோடு மல்லுக்கட்டும் வாசகர்களே, நீங்களும் என் கட்சிதான்.

நான் மதுரைக்காரி. எங்கள் பக்கம் பிடிக்காததை முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார்கள். இங்கே எதற்கும் ‘சரிங்க’தான். நீங்கள் சொன்னது காதில் விழுந்தது, அவ்வளவுதான் அதற்கு அர்த்தம் என்று புரிய எனக்கு நாளாயிற்று.

அளவான தண்ணீர்

பழனிசாமி ஐயாவுக்கு உடுமலைப்பேட்டையில் தென்னந்தோப்பு. கால் வீங்கி, மூச்சு வாங்கி, இரண்டாவது தடவையாக அட்மிட் ஆகியிருந்தார். இன்னொரு தடவை இப்படி வந்தால் உடம்பு தாங்காது என்று டாக்டர் அவர் மனைவி சரஸ்வதி அம்மாவிடம் சொல்லியே அனுப்பினார்.

ஒரு நாளைக்குத் தண்ணீரை ஒன்றரை லிட்டருக்குள் வையுங்கள் என்று ஐயாவிடம் சொன்னேன். சரிங்க என்றார். அடுத்த வாரம் போன் செய்தால் எடை ஏறியிருக்கிறது. துருவிக் கேட்டதில், மாத்திரை சூடாம். அது தணிய காலையும் மாலையும் இளநீர். அவருடைய மாத்திரைகளில் ஒன்று ஏற்கெனவே ரத்தத்தில் பொட்டாசியத்தை ஏற்றும். பொட்டாசியம் நிறைந்த இளநீரும் சேர்ந்தால் இதயத் துடிப்பே தடுமாறும். பதறிப்போய் உடனே ரத்தப் பரிசோதனைக்கு வரச் சொன்னேன். அவர் பதறவில்லை.

“தண்ணியத்தானுங்க அளவாக் குடிக்கச் சொன்னீங்க? எளநியப் பத்தி ஒண்ணும் சொல்லலீங்களே.”

ஊறுகாய்

நல்லவேளை, ரத்தப் பரிசோதனையில் பெரிதாக ஒன்றும் இல்லை. இளநீரை நிறுத்தினார். சரஸ்வதி அம்மா சமையலில் உப்பைப் பாதியாகக் குறைத்துவிட்டார். ஆனால் சம்பந்தி வீட்டு விருந்துக்குப் போய்வந்ததும் மறுபடி கால் வீக்கம். இலையில் வைத்த ஊறுகாயை மிச்சமில்லாமல் சாப்பிட்டிருக்கிறார். ஏன் ஐயா என்று கேட்டேன்.

“வேண்டாமுன்னா, சமையல் சரியில்லைன்னு நெனச்சுப்போட மாட்டாங்களா?”

தண்ணி மாத்திரை

உடம்பில் சேரும் நீரைச் சிறுநீராக வெளியேற்றும் மாத்திரையை நாங்கள் தண்ணி மாத்திரை என்போம். காலையில் சாப்பிட்டதும் போட்டுக்கொள்ளச் சொல்லியிருந்தேன். ஒருநாள் சரஸ்வதி அம்மாவே கூப்பிட்டார். அவருக்குச் செருப்புக்குள் கால் நுழையவில்லை, படுத்தால் மூச்சு முட்டுகிறது என்றார். உடனே கூட்டி வரச் சொன்னேன்.

டாக்டர் ஊசி போட்டார். சாயங்காலத்துக்குள் மூச்சு சீரானது, அட்மிஷன் தப்பியது. தண்ணி மாத்திரை போடுகிறீர்களா என்று ஐயாவிடம் கேட்டேன். “சரிங்க” என்றார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. நான் கேட்டது கேள்வி ஐயா, முடியாது என்றால் முடியாது என்று சொல்லுங்கள், உங்கள்மேல் வருத்தப்பட மாட்டேன் என்றேன். மனைவியைப் பார்த்தார், தரையைப் பார்த்தார்.

“காத்தால முடியாதுங்க, அம்மணி. தேங்காய் மண்டிக்கு பஸ்ஸுல போகோணும், நடுவுல எங்கீங்க எறங்கறது?”

அடுத்த செக்கப்

அட, இவ்வளவுதானா! டாக்டரைக் கேட்டு அந்த மாத்திரையை அவர் மண்டியிலிருந்து வீடு திரும்பும் மதியத்துக்கு மாற்றினோம்.

அடுத்த செக்கப்புக்கு வந்தபோது வீக்கம் வடிந்து கணுக்கால் எலும்பு தெரிந்தது. பார்த்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. சம்பந்தி வீட்டிலும் ஊறுகாயை வேண்டாம் என்றுவிட்டாராம். நான் பாராட்டப் போக, சரஸ்வதி அம்மா என்னை முறைத்தார்.

“நீங்க சொல்லிக்குடுத்துட்டீங்க சிஸ்டர், இப்ப ஊட்ல எந்த வேலை சொன்னாலும் முடியாதுங்கறாருங்க.”

அவருக்கு நான் கொடுத்த மருந்துகளில் ஒழுங்காக வேலை செய்வது ‘முடியாதுங்க’தான், அதன் பக்கவிளைவு மட்டும் சரஸ்வதி அம்மாவுக்கு.