நீலவண்டும் மகளின் இடது கண்ணும்

அப்போது நான் அறந்தாங்கியில் அறிவியல் வாத்தியார். கேமரா லென்ஸுக்கு முன்னால் ஒரு பூதக்கண்ணாடியைப் பொருத்தி, வண்டுகளைப் பெரிதாகப் படம் எடுப்பதில் எனக்கு வெறி இருந்தது.

மினுங்கும் முதுகை எளிதில் எடுத்துவிட முடியாது. உச்சி வெயிலில் எடுத்தால் வெறும் வெள்ளைத் திட்டாக விழும். நிழலில் எடுத்தால் கரிக்கட்டை. இரண்டு குச்சிகளில் பழைய வேட்டியைக் கட்டி, அதன் வழியே இறங்கும் வெயிலில் எடுக்கப் பழகியிருந்தேன். வண்டு கொஞ்சம் நகர்ந்தாலும் படம் கலங்கிவிடும். அதனால் அதைப் பிடித்துக்கொள்வது என் ஒன்பது வயது மகளின் வேலை. பொன்வண்டைத் தீப்பெட்டியில் வைத்து வளர்க்காத பிள்ளை எங்கள் பக்கம் கிடையாது. பளபளக்கிற வண்டு ஒன்றும் செய்யாது என்று அவள் நம்பினாள். படித்த நானும் நம்பினேன்.

அன்று பூசணிப் பூவில் இருந்தது பொன்வண்டு அல்ல. நீண்ட உடம்பு, எண்ணெய் தடவியதுபோல் கருநீலம். அதன் காலைப் பிடித்துக்கொள்ளச் சொன்னேன்.

“அப்பா, காலுலேருந்து மஞ்சத்தண்ணி விடுது.”

“அசையாத. வெளிச்சம் இப்பத்தான் சரியா விழுது.”

“கண்ணுல வேர்வை எறங்குதுப்பா.”

“இந்தா, முடிஞ்சிருச்சு.”

முடிந்திருக்கவில்லை. இன்னும் இரண்டு படம் எடுத்த பிறகே விட்டேன். அவள் அதே கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

சாயங்காலத்துக்குள் விரல்களெல்லாம் கொப்புளம். இடது கண் வீங்கி மூடிக்கொண்டது. புதுக்கோட்டைக்குப் போகும் பஸ்ஸில் மனைவி ஒரு தடவைதான் பேசினாள்.

“வண்டோட மீசை தெரியுற அளவுக்குப் பக்கத்துல போனீங்களே, புள்ள கை தெரியலையா?”

“கருவிழியில புண்ணுங்க,” என்றார் டாக்டர். “ஆறிரும். தழும்பு நின்னா பார்வை மங்கும். இப்ப ஒண்ணும் சொல்றதுக்கில்ல.”

கட்டுப் பிரித்த பிறகு தினமும் காலையில் அவள் வலது கண்ணைப் பொத்தி, சுவரில் தொங்கும் தினசரிக் காலண்டரைப் படிக்கச் சொல்வேன். தேதியைப் பட்டென்று சொல்வாள். “போதும்ப்பா, நல்லாத் தெரியுது,” என்று சலித்துக்கொள்வாள். மனைவியிடம் அதைச் சொல்லித்தான் இரண்டு வாரம் சாப்பாடு இறங்கியது.

ஒருநாள் தாளைக் கிழிக்க மறந்திருந்தேன். முந்தைய நாளின் பதினாறுதான் தொங்கிக்கொண்டிருந்தது. கண்ணைப் பொத்திக் கேட்டேன்.

“பதினேழு,” என்றாள்.

“சரிம்மா,” என்றேன். அதன் பிறகு கேட்டதில்லை.