வியர்க்காத கேன்

படகுப் பட்டறையில் அவளை எல்லாரும் பனியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். ஊரே வெயிலில் வெந்துகொண்டிருக்க, அவள் மட்டும் கம்பளிச் சட்டையும் காதுக் குல்லாயுமாக வளைய வருவாள். பதினெட்டு வருஷமாகக் குளிரறை அவள் பொறுப்பு. ஃபைபர் படகின் பிசினைக் கல்லாக இறுக்கும் ஹார்டனர் அங்கேதான் கேன் கேனாக இருக்கிறது. பார்த்தால் தண்ணீர் மாதிரி சாது. கொஞ்சம் சூடு ஏறிவிட்டால் தானாகவே மேலும் சூடாகும், பொங்கும், பற்றிக்கொள்ளும். யாரும் தீக்குச்சி கிழிக்க வேண்டியதே இல்லை.

அவளுக்கு அதனிடம் பயம் கிடையாது, மரியாதை உண்டு. உள்ளே போனால் நேரம் மெதுவாகத்தான் நடக்கும். மூச்சு வெள்ளையாக முகத்துக்கு முன் மிதக்கும். குளிர் இயந்திரம் ஒரே சுருதியில் முனகும். வரிசையாக இருக்கும் கேன்களெல்லாம் தொட்டிலில் கிடக்கும் பிள்ளைகள் என்று அவளுக்கு நினைப்பு. "அலுங்காம தூங்குங்க" என்று வாய்விட்டே சொல்வாள். கேட்டவர்கள் மரை கழன்றுவிட்டது என்றார்கள். சொல்லிவிட்டுப் போகட்டுமே, இத்தனை வருஷத்தில் ஒரு கேன்கூடக் கண் விழித்ததில்லை.

அன்று மதியச் சாப்பாட்டுக்கு முன் கதவைத் திறந்தாள். வெளிக்காற்று புகுந்ததும் கேன்களின் மேல் முத்து முத்தாக ஈரம் பூத்தது. தினமும் பார்ப்பதுதான், ஆனாலும் ஒரு நிமிஷம் சொக்கிப் போய் நிற்பாள். அன்றும் நின்றாள். நடு வரிசையில் ஒன்று மட்டும் வியர்க்காமல் பளிச்சென்று உலர்ந்திருந்தது. இதுவும் அழகாகத்தான் இருக்கிறது என்று முதலில் தோன்றியது, பாவம். அப்புறம்தான் அதன் கன்னம் உப்பியிருப்பதைக் கவனித்தாள். தொடாமல் புறங்கையை அருகே கொண்டுபோனாள். அந்தக் குளிரிலும் இளஞ்சூடு வீசியது.

வெளியே வந்து கதவைச் சாத்தினாள். அபாய மணியை அழுத்தினாள். சுவரில் இருந்த தண்ணீர்ச் சக்கரத்தை முழுக்கத் திருகினாள். உள்ளே கூரையிலிருந்து மழை கொட்டத் தொடங்கியது. ஆட்கள் கையிலிருந்ததைப் போட்டுவிட்டு வாசலைப் பார்த்து ஓடினார்கள். எதிர்த் திசையில் ஒருவன் மட்டும் ஓடி வந்தான். அவள் தம்பி. கலவை மேசையில் வேலை, நாற்பது வயது, நடு மண்டையில் வழுக்கை. அக்காவுக்கு அவன் இன்னும் குட்டிதான்.

"எந்தக் கேன்க்கா? நடு வரிசையா?"

"உனக்கெப்படிடா தெரியும்?"

அவன் முகம் வெளுத்தது. "காலையில கொஞ்சம் மிச்சமாயிடுச்சு. கீழே கொட்ட மனசு வரல. அதுலயே திருப்பி ஊத்திட்டேன்."

"எந்த மக்ல இருந்தது?"

அவன் திரும்பி, மேசையில் ஊதாக் கறை படிந்திருந்த மக்கைப் பார்த்தான். பிசினில் முதலில் கலக்கும் ஊதா மருந்துக்கு மேசையில் தனி மக் உண்டு. அந்த மருந்தும் ஹார்டனரும் நேருக்கு நேர் பார்த்துக்கொள்ளவே கூடாது, அடியில் ஒட்டிய துளியே போதும். எடுத்ததைக் கேனுக்குள் திருப்பி ஊற்றாதே என்பது அங்கே முதல் நாள் பாடம். ஆனால் எதையும் வீணாக்காதே என்று இவனை அதட்டி அதட்டி வளர்த்தவள் அவளேதான். அந்த நல்ல பழக்கம் இங்கே வந்தா பல்லைக் காட்ட வேண்டும்?

"நான் தூக்கிட்டுப் போய் வெளிய வெச்சிடறேன்க்கா. யாருக்கும் தெரியாது. தெரிஞ்சா வேலை போயிடும்."

அவன் கை கதவுப் பிடியில் இருந்தது. அவள் அவன் காலரைக் கொத்தாகப் பிடித்தாள்.

"உசுரு போயிடும்டா, மண்டு!"

தரதரவென்று இழுத்துக்கொண்டு ஓடினாள். கனவில் ஓடுவது போலக் கால் எழவே இல்லை. வாசல் தள்ளித் தள்ளிப் போனது. மணிச் சத்தம் எங்கோ தண்ணீருக்கடியில் கேட்டது. வெயிலுக்கு வந்து சேர்ந்தபோது பின்னால் தொப்பென்று ஒரு சத்தம். காற்றுப் போக்கியிலிருந்து வெள்ளைப் புகை அவசரமே இல்லாமல் எழுந்து, மேகம் மாதிரி விரிந்து போயிற்று. தீயைக் காணோம். தண்ணீர் காப்பாற்றிவிட்டது.

மேஸ்திரி தலைகளை எண்ணினார். எல்லாரும் இருந்தார்கள். "யார் பார்த்த வேலை இது?" என்றார்.

தம்பிக்காகப் பொய் சொல்வது அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஒன்று நாக்கு நுனிவரை வந்தும்விட்டது. நாளைக்கு இன்னொருத்தன் இதையே செய்வானே என்று நினைத்ததும் அதை விழுங்கினாள்.

"நீயே சொல்லுடா."

அவன் எல்லார் முன்னாலும் ஒன்று விடாமல் சொன்னான், எந்த மக் என்பது உட்பட. நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார் மேஸ்திரி.

அக்காவும் தம்பியும் வீட்டுக்கு நடந்தார்கள். தெருவும் கடைகளும் புகை மூடிய மாதிரி மங்கலாகத் தெரிந்தன. ரொம்ப தூரம் போனபிறகு அவன் கேட்டான்: "என்மேல கோவமாக்கா?"

"பின்ன? வீட்டுக்கு வா, கச்சேரி வெச்சுக்கறேன்."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். அவளுக்கு அதற்கு மேல் முடியவில்லை.

"கோவிச்சுக்க நீ இருக்கியேடா" என்று சொல்லி, நடுத்தெரு என்றும் பாராமல் அழுதாள்.