தாள் மாறிவிட்டது என்றார்கள்

முதுகலை உளவியல் படித்தபோது, ஒரு ஆளுக்குள் ஆண்மை எவ்வளவு, பெண்மை எவ்வளவு என்று அளக்க ஒரு வினாத்தாள் கொடுத்தார்கள். துணிந்து முடிவெடுப்பது, சண்டையில் விட்டுக்கொடுக்காதது எல்லாம் ஆண் கணக்கு. எளிதில் கண்கலங்குவது, அடுத்தவருக்காக விட்டுக்கொடுப்பது பெண் கணக்கு. ஒவ்வொன்றுக்கும் ஒன்று முதல் ஏழு வரை வட்டமிட வேண்டும். இரண்டிலும் நிறைய வாங்குகிறவர்தான் எந்தச் சூழலிலும் பிழைத்துக்கொள்வார் என்று பேராசிரியை உருகி உருகிப் பாடம் நடத்தினார். நாங்களும் உருகி எழுதிக்கொண்டோம்.

அவரவர் பெற்றோரை அளந்து வர வேண்டும். அதற்குத்தான் செய்முறை மதிப்பெண். ஒரு பாடத்தில் தவறினாலும் படிப்பு போதும், கல்யாணம்தான் என்று அம்மா சேர்க்கும்போதே சொல்லியிருந்தாள்.

வைத்திக்குப்பத்தில் எங்கள் படகு கரையேறும் வரைதான் அப்பா ராஜ்யம். மீன் மணலில் இறங்கியதும் எல்லாம் அம்மா. ஏலம் விடுவதும் வியாபாரிகளோடு மல்லுக்கு நிற்பதும் அவள்தான். அப்பா வாய் திறந்தால் மீன் பாதி விலைக்குப் போய்விடும் என்பதால் ஓரமாக உட்கார்ந்து வலையைச் சரிபார்ப்பார். சீரியலில் யாராவது அழுதால் வீட்டில் கண்ணைத் துடைக்கத் துண்டைத் தேடுவதும் அவர்தான். எங்கள் தெருவில் இதை யாரும் அதிசயமாகப் பார்த்ததில்லை.

அம்மாவிடம் கேள்விகளைப் படித்தேன்.

"சண்டைல விட்டுக்குடுப்பியாம்மா?"

"யாருகிட்டடி? யாவாரிகிட்டயா, உங்கப்பாகிட்டயா?"

"பொதுவா சொல்லும்மா."

"பொதுவா யாருகிட்டடி சண்ட போடுவாங்க?"

அப்பாவையும் கேட்டு எப்படியோ முடித்தேன். அம்மா ஆண் பக்கமும் அப்பா பெண் பக்கமும் போய் நின்றார்கள்.

பேராசிரியை பார்த்துவிட்டுச் சிரித்தார். "தாள் மாறிப் போச்சும்மா" என்று சிவப்புப் பேனாவால் அம்மாவை அடித்து அப்பா என்றும், அப்பாவை அடித்து அம்மா என்றும் எழுதினார். "இப்ப பாரு, எவ்ளோ அழகா வந்திருக்கு!"

"மாறல மேடம். கடற்கரைல ஏலம் விடுறதே எங்கம்மாதான்."

மீன்காரி மகள் என்று வகுப்பில் பாதிப் பேருக்கு அன்றுதான் தெரிந்தது. பேராசிரியை தாளை என்னிடமே திருப்பிக் கொடுத்தார். "அப்போ இது சரிப்படாது. டவுன்ல, நெல்லித்தோப்பு பக்கம் யாராவது சாதாரணக் குடும்பமா பாத்து எடுத்துட்டு வா. இல்ல, நான் திருத்தினபடியே குடு. ரெண்டும் இல்லன்னா மார்க் போட முடியாது."

வீட்டில் சொன்னேன். அம்மா கிளம்பிப் போய்ப் பேராசிரியையை ஒரு வழி பண்ணுவாள் என்றே நினைத்தேன்.

"அந்தம்மா திருத்தினதையே குடுத்துடுடி" என்றாள். "மார்க் வருதுல்ல, நான் அப்பாவாவே இருந்துட்டுப் போறேன்."

அவள் அப்படிச் சொன்னதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அப்பா வலையைக் கீழே போட்டார். "அதெல்லாம் முடியாது. உள்ளதத்தான் எம் பொண்ணு எழுதுவா. பெயிலானா ஆவட்டும், மறுபடி எழுதட்டும். கல்யாணப் பேச்ச எவனும் இந்த வூட்ல எடுக்கக் கூடாது."

அப்பாவுக்கு அவ்வளவு பெரிய குரல் உண்டு என்று அன்றுதான் தெரிந்தது. ஏலத்தில் ஒரு ரூபாய் இறங்காத அம்மா, மறுபேச்சுப் பேசாமல் அடுப்படிக்குப் போனாள்.

அப்பா துண்டைத் தேடினார்.