நான் மேடெண்டு சொன்ன நியூ ஓர்லியன்ஸ்

நியூ ஓர்லியன்ஸை என்னைவிடத் தெரிஞ்ச தமிழன் மொன்றியலில இல்லை. பொய். கனடாவுக்குக் களவா வரேக்க, கூட்டிவந்த ஏஜென்சிக்காரன் என்னை அங்க ஒரு அறைக்குள்ள பதினொரு நாள் பூட்டி வச்சிருந்தவன். திரைச்சீலை இடுக்கால கண்டது ஒரு குப்பை வாளியும் அதில ஏறி நிண்ட ஒரு பூனையும். அந்தப் பூனைக்கு ஊர் தெரியும்.

ஆனா சென்ட் லோரன்ட் பிஸ்கட் பக்டரியில எட்டு மணித்தியாலம் நிண்டுகொண்டு என்னத்தைக் கதைக்கிறது? அந்த ஊரின்ர ஒவ்வொரு தெருவும் ஒழுங்கையும் எனக்கு அத்துப்படி எண்டு அளந்தன். அஞ்சாம் வகுப்புத் தாண்டாதவன் வேற எதில பெருமையடிக்கிறது?

பக்கத்தில பெட்டி ஒட்டுற மன்னார் அக்கா மட்டும் அதை நம்பினவ. அவவின்ர தம்பி அங்க ஒரு சாப்பாட்டுக்கடையில கோப்பை கழுவினவன். பெரும்புயல் வருகுதெண்டு ரீவியில சொன்ன அண்டைக்கு, என்ர கையைப் பிடிச்சா.

“தம்பி, உமக்குத் தெரிஞ்ச ஊர்தானே. அவன் இருக்கிறது ஏரிப்பக்கம். வெளிக்கிடவோ நிக்கவோ எண்டு கேக்கிறான். அந்த இடம் மேடோ பள்ளமோ?”

தெரியாதெண்டு சொல்லியிருக்கலாம். வாய் விடேல்லை.

“நல்ல மேடு அக்கா. தண்ணி ஏறுறதெண்டா ஏணி வேணும்.”

நிண்டவங்கள் எல்லாரும் சிரிச்சாங்கள். அக்காவும் சிரிச்சுக்கொண்டே போன்கார்ட்டைச் சுரண்டி நம்பரை அடிச்சா. “நில்லடா, இடம் தெரிஞ்ச ஆள் சொல்லுது.”

பேந்துதான் நான் அந்த ஊரைப் படிச்சன், ரீவியில. எங்கட கியூபெக்கைப் போல அதையும் பிரெஞ்சுக்காரர்தான் கட்டினவங்களாம். முதல் வந்தவங்கள் ஆத்தோரத்து மேட்டைப் பிடிச்சிட்டாங்கள். பேந்து ஏரிப்பக்கச் சதுப்பை இறைச்சு இறைச்சு வத்த வச்சு, அதுக்குள்ள வீடு கட்டிச் சனத்தை இருத்தினவங்கள். கடல் மட்டத்துக்கும் கீழ தெரு. குழி தோண்டித் தாட்டாத் தண்ணி ஊறுமெண்டு செத்தவையை நிலத்துக்கு மேல கட்டி வைக்கிற ஊர். சவத்துக்கு முன்னால பாண்ட் வாத்தியம் அடிச்சுக்கொண்டு போவினமாம். உயிரோட இருக்கிறவை மட்டும் பள்ளத்துக்குள்ள.

அந்தப் புயலோட அணை உடைஞ்சது. தம்பியைக் கண்டுபிடிக்க மூண்டு கிழமை. கூரைக்குக் கீழ கிடந்தவன். அவனுக்குப் பாண்டும் இல்லை.

அக்கா என்னை ஒரு சொல்லுக் கேக்கேல்லை. “அணை உடையுமெண்டு உமக்கென்ன தெரியும்” எண்டு எனக்கு ஆறுதல் சொன்னவ. வருசா வருசம் சேர்ச்சில அவனுக்கு வைக்கிற பூசைக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போறா. அந்த ஊரில இருந்த ஆள் பக்கத்தில இருந்தா மனம் ஆறுதாம்.

இண்டைக்கும் பூசை. வாயால வராதெண்டு, அவவுக்குச் சொல்லவேண்டியதை எழுதிப் பாக்கிறன். அக்கா, நான் அந்த ஊரில அறையை விட்டு ஒரு நாளும்…

கீழ கார் ஹோர்ன் அடிக்குது.

“தம்பி, வாரும்! சாமியார் வந்திட்டாராம்!”

“ஓம் அக்கா, வாறன்.”