பத்து மணிக்குக் கூட்டம்

அட, அவ அக்கறை இல்லாத தாய் இல்ல தங்கச்சி! இந்தியாவுல அகதி முகாம்ல இருந்துட்டு நம்ம தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டுக்குத் திரும்பி வந்தவளைத்தான் சொல்றேன். மகளை இஸ்கூல்ல சேக்க, தாய்மார் கூட்டத்துக்கு அவ வந்து பேசணுமாம். எப்ப? காலையில பத்து மணிக்கு! மலையில கொழுந்து எடுக்கிறவ அந்நேரம் எறங்கி வந்தா அரைப்பேருதான் போடுவாங்க, பாதிச் சம்பளம் போயிரும். இவ போகல. புள்ள வீட்டுலயே கெடந்து அழுவுது. எனக்கு வந்துச்சு பாரு எரிச்சல்! நேரா இஸ்கூலுக்கே போயிட்டேன்.

"டீச்சரம்மா, சாயங்காலம் கொழுந்து நிறுக்கிற மடுவத்துக்கு நீங்க வாங்க. தாய்மார் எல்லாரும் அங்கதான் நிப்பாங்க."

"மடுவத்துலயா பாட்டி கூட்டம்?"

சிரிச்சாங்க. ஆனா வந்துட்டாங்களே! கால்ல அட்டை ஏறி அவங்க குதிச்ச குதிப்பை நீ பாத்திருக்கணும். இவ கூடையை எறக்கி வச்சு, தராசுக்குப் பக்கத்துல நின்னே எல்லாம் பேசி முடிச்சா. நம்ம பொம்பளைங்களும் சும்மா இருக்கல. கால்ல போட சப்பாத்து ஒருத்தி தர்றேன்னா, இஸ்கூலுக்குப் போடுற வெள்ளைக் கவுனு ஒருத்தி குடுத்தா. நாளைக்குப் புள்ள இஸ்கூலுக்குப் போறா!

அந்தக் கவுனைத்தான் தொவைச்சு வெளியில... ஐயய்யோ, மழை! இரு, கொடியில இருந்து எடுத்துட்டு வந்துர்றேன்.